கல்லில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

மேலூர் பக்கம் சில ஊர்களில் காலனித் தெருவுக்குள் போனால், ஒரு வீட்டைக் காட்டி ‘பட்டாளத்தார் வீடு’ என்பார்கள். எந்தப் பட்டாளம், எந்தச் சண்டை என்று கேட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. ஒரு வீட்டில் மட்டும் வயதான அம்மா ஒருவர், “எங்க தாத்தாவோட அண்ணன் பசராவுக்குப் போனவரு, திரும்பி வரலைன்னு அப்பத்தா சொல்லும்” என்றார். பெயரையும் சொன்னார். பசரா எங்கிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அது ஈராக்கில் உள்ள பஸ்ரா. முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. அந்தப் போருக்காக இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். சுமார் 74,000 பேர் மாண்டார்கள். ஈராக் போர்முனையில் இறந்தவர்களுக்காக பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதில் ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும், இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்ற கணக்கு.

நம் ஊர்க் கதையும் அதுதான். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் 1914-1919 போரைக் குறித்த கல் ஒன்று பதித்திருப்பார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதோடு கல் முடிந்துவிடும். யார் போனது, எந்தத் தெருவிலிருந்து போனது என்று அது சொல்லாது.

கம்பெனி காலத்திலிருந்தே சென்னைப் படையில் பறையர்கள் இருந்தார்கள். சப்பர்ஸ் படையில் பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள். 1880களில் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ், தென்னாட்டாருக்குப் போர்க்குணம் போதாது என்று முடிவுகட்டினார். தமிழர் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. உலகப்போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது, கதவு திறந்தது. போர் முடிந்ததும் மறுபடி மூடியது. 1928க்குள் சென்னைக் காலாட்படை முழுவதும் கலைக்கப்பட்டது. அடுத்த உலகப்போருக்கு மீண்டும் அழைப்பு வந்தது.

அன்றைய ராணுவப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. ‘தமிழர்’ என்று ஒரு பிரிவு, ‘பறையர், கிறிஸ்தவர்’ என்று வேறொரு பிரிவு. கடல் கடந்து உயிரைக் கொடுக்கப் போனவனையும் தமிழன் என்ற கணக்கில் சேர்க்கவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021இல் தன் தவறை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேருக்குச் சமமான நினைவு மரியாதை தரப்படவில்லை என்றது அதன் அறிக்கை. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டிஷ் அரசும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பு லண்டனில் நடந்தது. பெயர்களைத் தேடும் வேலை இங்கே நம்முடையது. அதே ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் இறந்தவர்களைத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா இருக்கும். மதுரை என்று தேடினால் கிடைக்காது. அன்றைய ஆங்கில எழுத்துப்படி ‘மதுரா’ என்று தேட வேண்டும். பழைய மதுரை மாவட்டத்தில் திண்டுக்கல், பெரியகுளம், பழனியும் அடக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் வெள்ளிப் பதக்கம் கிடந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அடகுக்கடைக்குப் போகுமுன் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் தெருவிலுள்ள ‘பட்டாளத்தார் வீடு’களுக்குப் போய் மூத்தவர்களிடம் கேளுங்கள். பெயர், ஊர், சொன்னவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மேலூர் பக்கத்து அந்த அம்மா சொன்ன பெயர் நம் நோட்டின் முதல் வரியில் இருக்கிறது. அவருக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.