கினே துணி

கினே துணி என்பது புதுச்சேரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நெய்யப்பட்டு, அவுரி நீலத்தில் தோய்க்கப்பட்டு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்ட பருத்தித் துணி ஆகும். ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையின் பெயரால் பிரெஞ்சுக்காரர் இதனை இவ்வாறு அழைத்தனர். விக்டோரியா காலம் எனப்படும் 1837-1901 ஆண்டுகளில், சகாரா பாலைவனத்தின் தென்மேற்கு ஓரத்தில் வாழ்ந்த மூர் மக்களின் முதன்மையான ஆடைத் துணிகளுள் ஒன்றாக இது விளங்கியது. அங்கு இது பணமாகவும் பயன்பட்டது.

வரலாறு

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தொடங்கப்பட்டது. 1674 முதல் புதுச்சேரி அதன் தளமாயிற்று. சோழமண்டலக் கடற்கரையின் நீலத் துணிகள் இங்கிருந்து பிரான்சுக்கும், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் சென்றன. 18-ஆம் நூற்றாண்டில் இத்தகைய துணிகள் அடிமை வணிகத்திலும் மாற்றுப் பொருளாகக் கொடுக்கப்பட்டன.

1793 முதல் ஆங்கிலேயர் வசம் இருந்த புதுச்சேரி 1816-இல் பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. அதன்பின் செனிகல் ஆற்றங்கரையில் நடந்த கருவேலம் பிசின் வணிகமே இத்துணியின் பெரும் சந்தையாயிற்று. மூர் வணிகர்கள் பிசினைக் கொண்டுவந்து கொடுத்து, கினே துணியைப் பெற்றுச் சென்றனர். சுமார் 15 மீட்டர் நீளமுள்ள ஒரு துணி, விலை பேசுவதற்கான அலகாகக் கொள்ளப்பட்டது. இந்தப் பிசின் ஐரோப்பாவில் பூத்துணி அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்த உதவியது. இவ்வாறு ஐரோப்பியப் பெண்களின் அச்சிட்ட ஆடைகளுக்குப் பின்னாலும் புதுச்சேரி நெசவாளரின் உழைப்பு மறைமுகமாக இருந்தது.

தயாரிப்பு முறை

அவுரி இலைகளை நீர்த்தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கச் செய்வர். வடித்த நீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதனைக் காய்ச்சிப் பிழிந்து கட்டிகளாக்குவர்.

இந்த நீலம் நீரில் கரையாது. ஆகவே சாயச்சாலில் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்து மீண்டும் புளிக்க வைப்பது தென்னிந்திய வழக்கம். அப்போது நீலம் வேதி ஒடுக்கமடைந்து கரையும் நிலையை அடைகிறது. தோய்த்து எடுக்கும் துணி முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். அடர்ந்த நிறம் வேண்டுமெனில் பலமுறை தோய்த்தல் வேண்டும். இறுதியில் துணியை மரக்கட்டையால் அடித்து மினுமினுப்பு ஏற்றுவர்.

ஆடை அமைப்பு

அதே காலத்து ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண்களின் ஆடை, பல துண்டுகளாக வெட்டி, உடலை இறுக்கும் வகையில் தைக்கப்பட்டது. மூர் ஆடை இதற்கு நேர்மாறானது. பெண்களின் மெலாஃபா என்னும் ஆடை, சேலையைப் போல உடலைச் சுற்றி அணியும் நீண்ட துணி. இரு தோள்களிலும் முடிச்சிட்டு, எஞ்சிய பகுதியால் தலையை மூடுவர். ஆண்களின் தராஆ என்னும் மேலங்கி, அகன்ற துணியை இரண்டாக மடித்து, கழுத்துக்குத் திறப்பு வெட்டி, பக்கங்களின் அடிப்பகுதியை மட்டும் தைத்து அமைக்கப்படுவது. தையல் வேலை குறைவாதலால் ஆடையின் மதிப்பைப் பெரும்பாலும் துணியே தீர்மானித்தது.

குறையே அடையாளம்

அவுரி நீலம் பருத்தி இழையுடன் வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. அதன் மேற்பரப்பில் படிந்து நிற்கிறது. எனவே உரசும்போது நிறம் உடலில் ஒட்டுகிறது. பொதுவாகக் குறையாகக் கருதப்படும் இப்பண்பை மூர் மக்கள் விரும்பினர். மினுமினுப்பு, தொடும்போது உணரும் தன்மை, சாயத்தின் மணம் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் அசல் துணியை அறிந்தனர். ஐரோப்பிய ஆலைகள் மலிவான போலிகளைச் செய்தபோதும், நெடுங்காலம் புதுச்சேரித் துணியின் இடத்தை அவற்றால் முழுமையாகப் பிடிக்க இயலவில்லை.

பழைய துணிகளின் நிலை

கினே துணி அன்றாடம் உடுத்திக் கிழிந்த துணியாதலால், அரசவை ஆடைகளைப் போலப் பேணப்படவில்லை. பழைய நீலத் துணியை ஆராய்வோர் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்:

* கைநூற்பு நூல் தடித்தும் மெலிந்தும் இருக்கும். ஆலை நூல் சீராக இருக்கும்.
* நூலின் வெட்டுமுனையில் வெளிவட்டம் நீலமாகவும் நடுப்பகுதி வெளிறியும் தோன்றுவது அவுரித் தோய்ப்பின் இயல்பு.
* மடிப்புகளிலும் முடிச்சிட்ட இடங்களிலும் முதலில் நிறம் தேய்ந்து வெளுக்கும்.
* இரும்புச் சத்துச் சேர்ந்த கறுப்புச் சாயம் காலப்போக்கில் நூலை அரிக்கும். அவுரி நீலம் அவ்வாறு அரிப்பதில்லை.

1897 முதல் செயற்கை நீலம் ஜெர்மனியிலிருந்து விற்பனைக்கு வந்தது. இரண்டிலும் முதன்மையான சாயப்பொருள் ஒன்றே என்பதால் நிறத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் காலத்தை முடிவு செய்ய இயலாது. பழைய துணியைத் துவைப்பதும் தவறு. துவைத்தால் மினுமினுப்பும் மணமும் நீங்கி, இதனை அடையாளம் காட்டும் சான்றுகளே அழிந்துவிடும்.

வீழ்ச்சி

19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நூற்பு, நெசவு ஆலைகள் எழுந்தன. கைநூலின் இடத்தை ஆலைநூல் பிடித்தது. பிற நாட்டுப் போலிகளிலிருந்து காக்க 1877-இல் செனிகலில் அவற்றின்மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டது. எனினும் மலிவான பிற துணிகளின் வரவாலும் பிசின் வணிகத்தின் தளர்ச்சியாலும் கினே துணியின் முதன்மை குறைந்தது.

சாயச்சால்களின் நகரம் ஆலை நகரமாயிற்று. 1936 சூலை 30 அன்று போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. 1898-இல் தொடங்கப்பட்ட ரோடியர் ஆலை, பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. என அறியப்பட்டு, 2020-இல் மூடப்பட்டது.