பழைய மொனிட்டரை வீசுவதற்கு முன்...

கடையின் பின்னறையில், காலிப் பெட்டிகளுக்கு இடையில், பழைய மொனிட்டர் ஒன்று தூசி படிந்து கிடப்பது நமது வர்த்தக நிலையங்களில் சர்வசாதாரணமான காட்சியாகும். பழைய கணினி பழுதடைந்தது. அதன் இடத்துக்கு லெப்டொப் வந்தது. மொனிட்டரின் வயரைக் குத்துவதற்கு லெப்டொப்பில் இடமில்லை என்றதும் அது பின்னறைக்குப் போய்விட்டது. கணக்கு எழுதும் பிள்ளையோ 14 அங்குலத் திரையில் ஸ்டொக் பட்டியலைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக் கொண்டிருக்கிறது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வருடம் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார். இறக்குமதிப் பொருளின் பெறுமதி என்னவென்று அந்த வருடம் நமக்கு நன்றாகவே படிப்பித்தது. வேலை செய்யும் மொனிட்டர் ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன்னர், அதை மீண்டும் பாவிக்க முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். பெரும்பாலும் முடியும். அதற்குச் சில விடயங்களைத் தெரிந்து கொள்வது அவசியம்.

ஏன் பொருந்துவதில்லை?

பழைய மொனிட்டர்களின் பின்புறத்தில் நீல நிறத்தில், மூன்று வரிசைகளில் 15 துளைகளுடன் காணப்படும் சொக்கெட்டுக்கு வீ.ஜீ.ஏ. என்று பெயர். ஐ.பீ.எம். நிறுவனம் இதனை 1987இல் அறிமுகப்படுத்தியது. இதன் வழியாகச் செல்வது 'அனலொக்' முறையிலான சமிக்ஞை. அதாவது, வெளிச்சத்தின் அளவுக்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். இன்றைய லெப்டொப்களிலுள்ள எச்.டீ.எம்.ஐ. முறை 2002இன் இறுதியில் வெளியானது. இதில் செல்வது முற்றிலும் 'டிஜிட்டல்' இலக்கங்கள். 2015ஆம் ஆண்டளவில் வீ.ஜீ.ஏ. முறையைக் கைவிடப் போவதாக இன்டெல், ஏ.எம்.டீ. முதலான பெரிய நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. அதன் பிறகு வந்த லெப்டொப்களில் அந்த நீலச் சொக்கெட் படிப்படியாக மறைந்து போனது.

ஆகவே இது வெறுமனே முனையின் வடிவம் மாறிய பிரச்சினை அல்ல. பாஷை மாறிய பிரச்சினை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்த வேலையைச் செய்வதுதான் 'கொன்வேர்ட்டர்' எனப்படும் சிறு கருவி. அதற்குள் இருக்கும் சிப் ஒன்று இலக்கங்களை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுக்கிறது. சிப் இல்லாமல் இரு பக்கமும் முனை மட்டும் பொருத்திய கேபிளை மலிவாக வாங்கினால் திரையில் ஒன்றும் வராது.

பின்புறத்தை நன்றாகப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் மொனிட்டரின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். நீலச் சொக்கெட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் இன்னொரு பெரிய சொக்கெட் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது 1999இல் வந்த டீ.வீ.ஐ. ஆகும். பொதுவாக மொனிட்டரில் இருக்கும் டீ.வீ.ஐ.யும் எச்.டீ.எம்.ஐ.யும் ஒரே பாஷை பேசுபவை. சாதாரண எச்.டீ.எம்.ஐ. - டீ.வீ.ஐ. கேபிள் ஒன்றே போதும், கொன்வேர்ட்டர் தேவையில்லை. எழுத்துகளும் தெளிவாகத் தெரியும்.

நீலச் சொக்கெட் மட்டும் இருந்தால் 'எச்.டீ.எம்.ஐ.யிலிருந்து வீ.ஜீ.ஏ.வுக்கு' மாற்றும் கொன்வேர்ட்டரைக் கேளுங்கள். இந்தத் திசை மிக முக்கியம். 'வீ.ஜீ.ஏ.யிலிருந்து எச்.டீ.எம்.ஐ.க்கு' மாற்றும் கருவி வேறு. அது பழைய கணினியைப் புதிய டீவியுடன் இணைப்பதற்கானது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எங்கள் தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "நானா, வயரக் குத்தினா ஒண்டுமே வரல்லயே, மொனிட்டர் செத்துப் போய்ட்டு போல" என்று வந்தார். பார்த்தால் விற்றவர் திசை மாறிய கருவியைக் கொடுத்திருந்தார். சரியானதை மாற்றி எடுத்ததும் திரை வந்துவிட்டது. நல்ல மொனிட்டர் ஒன்று அன்று குப்பைக்குப் போயிருக்கும்.

உங்கள் லெப்டொப்பில் எச்.டீ.எம்.ஐ.யும் இல்லாமல், முட்டை வடிவிலான யூ.எஸ்.பி. 'சி' சொக்கெட் மட்டும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. எல்லா 'சி' சொக்கெட்டுகளும் படத்தை அனுப்புவதில்லை. சில சார்ஜ் செய்வதற்கும் கோப்புகளை அனுப்புவதற்கும் மட்டுமே உரியவை. சொக்கெட்டுக்குப் பக்கத்தில் மின்னல் அடையாளமோ டிஸ்ப்ளே போர்ட் அடையாளமோ இருந்தால் படம் வரும். அடையாளம் இல்லையென்றால் லெப்டொப்பின் மாதிரி இலக்கத்தைக் கொண்டு விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இணைத்த பின்னர்

கேபிளின் இரு பக்கத் திருகாணிகளையும் கையால் இறுக்குங்கள். முனையின் நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாதிருப்பது பல வீ.ஜீ.ஏ. கேபிள்களில் வழமையானது, உடைந்தது என்று எண்ண வேண்டாம். இப்போது விண்டோஸ் அடையாளமுள்ள விசையுடன் 'பீ' எழுத்து விசையைச் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும்.

இங்கேதான் வியாபாரிகள் கவனமாக இருக்க வேண்டும். சிலர் பழைய மொனிட்டரை வாடிக்கையாளரின் பக்கம் திருப்பி வைத்து, பில் போடுவதை அவரும் பார்க்கச் செய்கிறார்கள். மிக நல்ல பழக்கம். விலையில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் 'டூப்ளிகேட்' என்ற தெரிவில் விட்டால், உங்கள் திரையில் உள்ளதெல்லாம் அப்படியே அவருக்கும் தெரியும். பொருளின் கொள்விலை தெரியும். அதைவிட மோசம், இன்னொருவரின் கடன் கணக்கும் தெரியும். அது நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட விடயம். ஆகவே 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தெரிவு செய்து, உங்கள் மென்பொருளில் வாடிக்கையாளருக்கான தனித்திரை வசதி இருந்தால் அதை மட்டும் அந்தப் பக்கம் காட்டுங்கள்.

எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் திரையின் அளவுத்திட்டத்தைச் சரி பாருங்கள். 17, 19 அங்குலச் சதுர வகை மொனிட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 1280க்கு 1024 என்பதே இயல்பான அளவு. பிறகு மொனிட்டரிலுள்ள 'ஓட்டோ' பொத்தானை ஒருமுறை அழுத்தினால் படம் தானாகவே நேராகும். 'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று வந்தால் வேகத்தை 60 ஹேர்ட்ஸாக மாற்றுங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் கொன்வேர்ட்டருக்கு மின்சாரம் போதவில்லை என்றிருக்கலாம். எச்.டீ.எம்.ஐ. சொக்கெட்டிலிருந்து கிடைப்பது மிகச் சொற்ப மின்சாரமே. தனி யூ.எஸ்.பி. மின் இணைப்புள்ள கருவியாக வாங்குவது நல்லது. வீ.ஜீ.ஏ. வழியாகச் சத்தம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதை வைத்திருக்கக் கூடாது?

எல்லாப் பழைய மொனிட்டரும் வைத்திருக்கத்தக்கதல்ல. கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பழைய தட்டைத் திரை சுமார் 40 வோட் எடுக்கும் என்றால், நாளொன்றுக்கு 10 மணித்தியாலத்துக்கு 0.4 அலகு. 20 வோட் எடுக்கும் புதிய திரைக்கு 0.2 அலகு. மாதத்தில் 26 வேலை நாட்களுக்கு வித்தியாசம் 5 அலகு மட்டுமே. இதற்காகப் புதிது வாங்கத் தேவையில்லை. ஆனால் பின்புறம் பெட்டி போல் நீண்ட, 80 வோட் எடுக்கும் பழைய குழாய் மொனிட்டர் என்றால் வித்தியாசம் 15 அலகைத் தாண்டும். கண்ணுக்கும் களைப்பு. அதனை மாற்றுவதே இலாபம். அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் குப்பையில் வீசாமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகள் அதைக் கழற்றிப் பார்க்க விடவே வேண்டாம். உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

கடைசியாக ஒன்று. வாங்கப் போகும்போது மொனிட்டரின் பின்புறத்தையும் லெப்டொப்பின் இரு பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் லெப்டொப்பையே கொண்டுபோய்க் கடையில் வைத்துப் பரீட்சித்து, மாற்றித் தரும் நிபந்தனையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். நாம் நமது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அதே வசதியை விற்பவரிடம் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.