எல்லா நோயும் ‘ஒட்டுவாரொட்டி’ அல்ல!

‘மெட்ராஸ் ஐ’ சீசன் வந்தாலே வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பார்கள்: “கிட்டப் போகாதே, அது ஒட்டுவாரொட்டி!”

நெருங்கிப் பழகுகிறவர்களை ஒட்டிக்கொள்வதுதான் ஒட்டுவாரொட்டி. மெட்ராஸ் ஐ-க்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால், கண்ணைப் பார்த்தாலே அது பரவிவிடாது. பெரும்பாலும் கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை போன்றவை வழியாகப் பரவும்.

‘தொற்று’ இன்னும் அகலமான சொல். பற்றிக்கொள்வது என்பதே அதன் அடிப்படைப் பொருள். பஸ் படியில் தொற்றிக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் உற்சாகமும் நம்மைத் தொற்றிக்கொள்கிறது.

மருத்துவத்தில், கிருமி உடம்புக்குள் புகுந்து பெருகினால் அது தொற்று. அது ஆளுக்கு ஆள் நேராகப் பரவ வேண்டும் என்பதில்லை. டெங்கு ஒரு தொற்று. ஆனால், ஒட்டுவாரொட்டி அல்ல. நோயாளியின் கையைப் பிடித்தால் வராது. பரப்புவதற்குக் கொசு வேண்டும்.

வெண்புள்ளியும் சொரியாசிஸும் தொற்றே அல்ல. தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும் பரவாது. ஆனாலும், தோலைப் பார்த்ததுமே ‘ஒட்டுவாரொட்டி’ என்று நாமே முடிவுகட்டி, தனித் தட்டு, தனி டம்ளர் என ஒதுக்குகிறோம். பந்தியில் பக்கத்து இலையில் உட்காரத் தயங்குகிறோம். நோய் தராத வலியை அந்த ஒரு சொல் தந்துவிடுகிறது.

தொழுநோய் கிருமியால் வருவதுதான். ஆனால், எளிதில் பரவாது. கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியதும் பரவும் அபாயம் வேகமாகக் குறைந்துவிடும்.

எனவே, யாரையும் தள்ளி உட்காரச் சொல்லும் முன், “இது எப்படிப் பரவும்?” என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.