அடைக்கோழியின் கணக்கு

'இன்குபேட்டர் மலிந்துவிட்ட காலத்தில், மூன்று வாரம் முட்டையிடாமல் முடங்கிக் கிடக்கும் அடைக்கோழியால் என்ன லாபம்?' என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அந்த முடக்கம்தான் லாபமே.

நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வார இடைவெளிகூட இருக்கலாம். ஆனால் சேர்த்து அடைவைத்தால் 21-ஆம் நாளையொட்டி எல்லாம் ஒன்றாகப் பொரிக்கின்றன. வெளியே வரும்போதே முட்டைக்குள் கரு பல்லாயிரம் செல்களாகப் பிரிந்திருக்கும். சூடு தணிந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். எங்கள் ஊர் மினிபஸ் இப்படித்தான், சந்தைக்கூடையோடு கடைசிக் கிழவி ஏறும்வரை நகராது. கோழி நிரந்தரமாக உட்கார்ந்ததும் எல்லாக் கருவும் ஒரேசமயம் புறப்படுகிறது. நம் கோடை வெயிலில் கரு அரைகுறையாக வளர்ந்து கெட்டுவிடும் என்பதால்தான், ஈரமணல் பரப்பிய பானையில் முட்டையைச் சேர்த்து வைக்கிறார்கள்.

அடைக்கு வந்த கோழியின் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும். வயிற்றடி இறகு உதிர்ந்து, வெறுந்தோல் முட்டையில் படும். தொட்டுப் பாருங்கள், சுடும், கொத்தும் வாங்குவீர்கள். நாளுக்கு ஒருமுறை இறங்கி அவசரமாக மேய்ந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ளும். அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டுச்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத்துண்டும் கரியும் போடுவது நம்முடைய வேலை. கோழிக்கு அந்தக் கவலை இல்லை.

பண்ணைக்காரர்களுக்கு இந்த அடைகாக்கும் குணம் நஷ்டம். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதைக் கழித்துவிட்டார்கள். நாமக்கல்லின் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அடைகாக்க மட்டும் அதற்குத் தெரியாது. அடுத்த குஞ்சைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

புறக்கடைக் கோழி தன் இனத்தைத் தானே பெருக்குவதால் ஊருக்குள் கைமாறுகிறது. கோழி இல்லாத வீட்டுக்கு ஒரு பெட்டையை வாரத்துக்கு விடுவார்கள். வளர்த்தவருக்குப் பாதிக் குஞ்சு, கொடுத்தவருக்குப் பாதி. தெருவுக்கு ஒரு சேவல் போதும். சோற்றுப்பருக்கையும் குப்பைமேட்டுக் கரையானும் தீனி. பிள்ளை பெற்றவளுக்கு முட்டை போகும், பள்ளி திறக்கிற வாரம் சேவல் சந்தைக்குப் போகும். இந்தப் பணம் பெரும்பாலும் பெண்கள் கையில் நிற்பது எனக்குப் பிடித்த விஷயம். நகரத்தில் நாமோ பழுப்பு ஓட்டைப் பார்த்ததும் நாட்டுமுட்டை என்று கூடுதல் விலை கொடுக்கிறோம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக்கோழிகளும் உண்டு.

இத்தனையையும் ஒரே வாரத்தில் துடைத்துவிடக்கூடியது வெள்ளைக்கழிச்சல். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசி உண்டு. மாட்டுக்கு ஊசி போட மைல் கணக்கில் நடக்கிறவர்கள், 'கோழிக்குப் போயா?' என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இலவசமாகவே முகாம் நடத்துகிறது. காலையில் திறந்துவிடுவதற்கு முன் பஞ்சாரத்தோடு தூக்கிப் போய்விடுங்கள். மேயப் போன கோழியைப் பிடிப்பது யாராலும் ஆகாது.