கரையானுக்கு ஒரு மெஸ்!

ஒரு ஜாடி. உள்ளே ஈர மணல். அதுமேல ஒரே ஒரு மரத்துண்டு. 400 கரையான்கள். 28 நாள். மெனுவில் வேற ஐட்டமே கிடையாது. பிடிச்சா சாப்பிடு, இல்லாட்டி பட்டினி கிட... ஹாஸ்டல் ஞாபகம் வருதா பாஸ்?

மரத்துக்குப் போடுற கரையான் மருந்து நிஜமாவே வேலை செய்யுதானு லேப்ல இப்படித்தான் பார்க்கிறாங்க. இது அமெரிக்க முறை. ஐரோப்பிய முறையில் 250 கரையான்கள், 8 வாரம்.

எனக்கு ஏன் இந்த அக்கறை? போன லீவுல பாட்டி வீட்டு நிலைக்காலை விரலால் அழுத்தினேன். 'பொசுக்'னு உள்ளே போயிடுச்சு. மேல பெயின்ட் மட்டும் பளபளனு இருக்கு! "மருந்து அடிச்ச மரம்தானேடா..."னு பாட்டி புலம்பினாங்க.

ஜாடிக்கு வருவோம். 28 நாள் கழிச்சு மரத்துண்டுக்கு மார்க் போடுவாங்க. கரையான் தொடவே இல்லைன்னா 10. லேசா கொறிச்சிருந்தா 9.5. முக்கால்வாசிக்கு மேல காலின்னா 0. (6-க்கு அடுத்து நேரா 4தான். 5 கிடையாது!) பக்கத்திலேயே மருந்து போடாத துண்டோடு இன்னொரு ஜாடியும் இருக்கும். அதை கரையான் ஒரு கை பார்த்தே ஆகணும். பார்க்கலைன்னா மொத்த சோதனையும் செல்லாது. சோம்பேறிக் கரையான் முன்னாடி எல்லா மருந்தும் ஹீரோதானே!

ஆனா, நிஜ வில்லன் தண்ணீர். அதனால மரத்தை முதலில் 14 நாள் தண்ணியில ஊறப்போட்டு, அடிக்கடி தண்ணியை மாத்தி, அப்புறம்தான் கரையான்கிட்ட விடுவாங்க. கரைஞ்சு ஓடுற மருந்து இங்கேயே மாட்டிக்கும். பாட்டி வீட்டுல அரிச்சிருந்ததும் சாரல் அடிக்கிற அடிப்பக்கம்தான். பிரஷ்ல தடவினது உள்ளே ஆழமா இறங்காது. உருளைத் தொட்டியில மரத்தை அடைச்சு, அழுத்தம் கொடுத்து ஏத்தணும்.

கரையாத மருந்துக்கு வழி காட்டினவர் நம்ம நாட்டுக்காரர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் சொந்தி காமேசன், 1933-ல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணையும் சேர்த்தார். குரோமியம் மத்த ரெண்டையும் மரத்தோட கட்டிப்போடும். உலகம் முழுக்க ஹிட்! ஆனா, ஆர்சனிக் மனுஷனுக்கும் விஷமாச்சே... 2003 கடைசியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இதைப் போடுறதை நிறுத்திட்டாங்க. கரையான் ஜாடியில் அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது.

இப்போ பாட்டி வீட்டுக்குப் புது நிலை வரப்போகுது. மரக்கடையில், "ஊறப்போட்டு டெஸ்ட் பண்ணின மருந்தா அண்ணே?"னு கேட்டேன்.

மேலேயும் கீழேயும் பார்த்தவர் கேட்டார்... "தம்பி, மரம் வாங்க வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?"