பிரேக் கட்டையும் அதன் கூடும்

மிதிவண்டியின் பிரேக்கைப் பிடிக்கும்போது சுழலும் ரிம்மின் மீது சென்று அழுந்துகிற ரப்பர் துண்டு பிரேக் கட்டை எனப்படும். அந்த ரப்பரைத் தன்னுள் பிடித்துக்கொண்டு வண்டியோடு பிணைக்கிற உலோகப் பகுதியை அதன் கூடு எனலாம். கடைகளில் இரண்டுக்கும் சேர்த்தே 'பிரேக் ஷூ' என்ற பெயர் வழங்குவதால் இவை ஒரே பொருள்போலக் கருதப்படுகின்றன. ஆனால் ஓட்டத்தில் தேய்வது கட்டை மட்டுமே, கூடு பல கட்டைகளின் ஆயுளைக் கடந்து நிற்கக்கூடியது. தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைச் செருகும் இச்சிறு வேலையில் பிரேக்கின் இயக்கவியல் முழுவதும் அடங்கியிருப்பதால், அதனைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

தமிழகத்தில் பல தலைமுறைகளாக ஓடிய கனத்த கறுப்பு மிதிவண்டிகளில் இருப்பது கம்பி பிரேக்காகும். கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் மேலிழுக்கப்பட்டு, சக்கரத்தின் இருபுறமும் கவைபோல் பிரிந்து நிற்கும் வளைவு உயர, அதன் முனைகளிலுள்ள இரு கட்டைகளும் ரிம்மின் உட்பரப்பில், அதாவது போக்ஸ் கம்பிகள் இருக்கும் பக்கத்தில், அழுந்துகின்றன. இக்கட்டையின் கூடு, தகட்டை மடித்துச் செய்த சிறிய தொட்டி போன்றது. அதன் நீளவாட்டு விளிம்புகள் சற்றே உள்நோக்கி வளைந்து ரப்பரின் அடிப்பகுதியைக் கவ்விக்கொள்ளும். இரு முனைகளில் ஒன்று சுவர்போல் மூடியிருக்க, மற்றது திறந்தே இருக்கும். பசையோ ஆணியோ இல்லாமல் ரப்பர் அந்தத் திறந்த முனை வழியாக வழுக்கி உள்ளே செல்கிறது; வெளிவருவதற்கும் அதுவே வழி.

மூடிய முனை எத்திசையில் இருக்கவேண்டும் என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி. ரிம்மைக் கட்டை தடுத்து நிறுத்த முயலும்போது, ரிம்மும் தான் ஓடும் திசையிலேயே கட்டையை இழுத்துச் செல்ல முயல்கிறது. இந்த இழுவை சிறிதன்று. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 80 கிலோ எடை எனக் கொண்டால், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 2 வினாடிகளில் முன்பிரேக்கால் மட்டும் நிறுத்தும்போது, இரு கட்டைகளில் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 10 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பான விசை இழுக்கிறது. மூடிய சுவர் ரிம் ஓடும் திசையில் இருந்தால் ரப்பர் அச்சுவரில் முட்டி நின்றுவிடும். திறந்த முனை அத்திசையில் இருந்துவிட்டாலோ, பிரேக்கைப் பிடித்த அக்கணமே ரப்பர் கூட்டைவிட்டு நழுவி விழுந்து, வெறுந்தகடு ரிம்மில் உரசும் நிலை ஏற்படலாம். பிரேக் மிகவும் தேவைப்படும் தருணத்தில்தான் இழுவையும் மிகுதியாக இருக்கும் என்பதால், இப்பிழையைச் சிறிய பிழையாக எண்ணுவதற்கில்லை.

முன்சக்கரத்தின் உச்சியில் ரிம் முன்னோக்கி ஓடுவதால், அங்கு மூடிய முனை முன்புறம் நோக்கியிருக்கவேண்டும் என்பது எளிதில் விளங்கும். பின்சக்கரத்தில் பலர் தடுமாறுகின்றனர். கம்பி பிரேக் வண்டிகளில் பின்கட்டைகள் பெடல் அச்சுக்குப் பின்னால், சக்கரத்தின் முன்பக்கத்தில் அமைந்திருக்கின்றன. அவ்விடத்தில் ரிம் கீழ்நோக்கி இறங்குகிறது. ஆகவே மூடிய முனை கீழே இருப்பதே முறை. சக்கரத்தைக் கையால் ஓடும் திசையில் சுழற்றி, கட்டையிருக்கும் இடத்தில் ரிம் எப்பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், எந்த வண்டிக்கும் விடை கிடைத்துவிடும்.

கழற்றும் வேலை நட்டைத் தளர்த்திக் கூட்டை வெளியே எடுப்பதில் தொடங்குகிறது. பல ஆண்டு ஓடிய கட்டையின் முகம் கண்ணாடிபோல் வழவழத்து, ரப்பர் நகம் பதியாத அளவு இறுகியிருக்கும். கூட்டின் உட்புறத்தில் மழைநீர் தங்கித் துருவேறி, அத்துருவே ரப்பரைத் தகட்டோடு ஒட்டவைத்திருக்கும். ரப்பரை வைஸில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டின் திறந்த முனை விளிம்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், கூடு பின்வாங்கி ரப்பர் விடுபடும். வைஸ் இல்லாதவர், தட்டையான திருப்புளியை மூடிய முனைக்கும் ரப்பருக்கும் இடையே நுழைத்து, ரப்பரைத் திறந்த பக்கம் நோக்கி நெம்பித் தள்ளலாம். கூட்டின் பக்க விளிம்புகளைக் குறடால் அகட்டி ரப்பரைப் பிடுங்கி எடுப்பது தவறு. ஒருமுறை அகன்ற விளிம்பு புதுக்கட்டையை முன்போல் கவ்வாது. உள்ளே ஒட்டியிருக்கும் துருவைச் சுரண்டி எடுத்தபின், புதுக்கட்டை இறுக்கமாக இருந்தால் சோப்பு நீரில் நனைத்துச் செருகலாம்; எண்ணெயும் கிரீஸும் ரப்பரில் ஊறி உராய்வையே கெடுத்துவிடும் என்பதால் அவற்றை அருகிலும் கொண்டுவரக் கூடாது.

ரிம்மின் பக்கச் சுவர்களை இருபுறமும் கவ்வும் பிற்கால பிரேக்குகளிலும் இதே தத்துவம் தொடர்கிறது. 1996-ஆம் ஆண்டில் ஷிமானோ நிறுவனம் அறிமுகப்படுத்திய வி-பிரேக் வகையில், உயர்தரக் கட்டைகள் அலுமினியக் கூட்டில் வழுக்கிச் செல்வனவாக அமைந்து, சிறிய ஊசி ஒன்றினால் காவல் செய்யப்படுகின்றன. பந்தய வண்டிகளின் கட்டைகளில் ஊசிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு திருகு இருக்கும். ஊசியை உருவியோ திருகைத் தளர்த்தியோ கட்டையைப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். கூடு வண்டியிலேயே இருப்பதால், ரிம்மோடு பொருந்துமாறு அரும்பாடுபட்டு அமைத்த கோணம் சற்றும் கலையாது. இவ்வகையின் பெரும் பயன் இதுவே. எனினும் ஊசியும் திருகும் துணைக்காவல்தாம்; இழுவையைத் தாங்கும் பொறுப்பு இங்கும் மூடிய முனைக்கே உரியது.

மலிவான வண்டிகளில் ரப்பரும் உள்தகடும் ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால் அவற்றைப் பிரிக்க முயல்வது வீண். தேய்ந்தால் முழுவதையும் மாற்றவேண்டியதுதான். உள்தகடு வெளிப்படும்வரை விட்டுவைத்தால் அது அலுமினிய ரிம்மையே அறுத்துவிடும். டிஸ்க் பிரேக்கிலும் உராய்வுப் பொருள் எஃகு அல்லது அலுமினியத் தகட்டின் மீது வெப்பமும் அழுத்தமும் கொண்டு நிலையாகப் பிணைக்கப்படுகிறது. அங்கே உராய்வுப் பொருளும் தகடும் பிரிவது பழுதுக்கே அறிகுறி. ஈரத்தினால் தகடு துருப்பிடித்து அப்பிணைப்பு விடத் தொடங்கினால் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்று தோன்றும். அதனுள் நகநுனி நுழையுமானால், உராய்வுப் பொருள் எவ்வளவு தடிமனாக மீந்திருந்தாலும், அந்த இணையை மாற்றாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.