விசையும் விரலும்

ரயில் ஓடாத தீவில் ரயில்வே எழுத்தனாயிருப்பவன் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழிக்கிறான் என்று அன்பர்கள் கேட்பதுண்டு. டெய்ரி ஃபார்மில் என் வீட்டுக் கொல்லையில், பத்து மீட்டர் தொலைவில், மண் நிரப்பிய மரப்பெட்டியின்மேல் காகித இலக்கு ஒன்று ஒட்டியிருக்கும். என் கையில் காற்றுக் கைத்துப்பாக்கி இருக்கும். 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. உரிமம் வேண்டாததனால் ஊறும் விளையாது என்றெண்ணிய என் பேதைமையையே இங்கு எழுதப் புகுந்தேன்.

முதலில் வாங்கியது சுருள்வில்லால் இயங்கும் மலிவான துப்பாக்கி. குழலை மடித்து வில்லை இறுக்கி ஈயக்குண்டு இடவேண்டும். அதன் விசை மிகக் கடினம். இழுக்க இழுக்க நீண்டுகொண்டே வரும். எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரியாது. வில் விடுபடுகையில், குண்டு குழலை நீங்குமுன்பே கை அதிர்ந்துவிடும்.

விசை இலகுவானால் குறி தப்பாது என்று கருதி, உள்ளே வில்லைப் பிடித்து நிற்கும் கொக்கியை அரத்தால் தேய்த்தேன். இரண்டு நாள் மகிழ்ச்சியாயிருந்தது. மூன்றாம் நாள், குழலை மூடிய மாத்திரத்தில், விரல் படாமலே துப்பாக்கி சுட்டுவிட்டது. துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவிக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் குண்டு பட்டுத் தெறித்தது. அவள் இடுப்பில் எங்கள் இளைய மகள் இருந்தாள். குழந்தையை உள்ளே விட்டுவந்து, "வைத்துக்கொள்வதானால் ஒழுங்கானதை வாங்குங்கள்; இல்லையேல் கடலில் எறியுங்கள்" என்றாள்.

ஊருக்குக் கப்பலேறச் சேர்த்த பணத்தில், அழுத்தக்காற்றால் இயங்கும் பந்தயத் துப்பாக்கி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதில் அதிர்வு மிகக் குறைவு. விசை இருபடியாக வரும். முதற்படி மென்மையாக வந்து நிற்கும், இரண்டாம் படியில் சட்டென விடுபடும். எடையையும் இழுப்பின் நீளத்தையும் திருகாணிகளால் மாற்றலாம். அரத்துக்கு வேலையே இல்லை. பன்னாட்டு விதிப்படி விசையின் எடை 500 கிராமுக்குக் குறையலாகாது. துப்பாக்கியின் எடை 1500 கிராமுக்கு மிகலாகாது. ஆசையால் விசையை 400 கிராமுக்கு இறக்கிப் பார்த்தேன்; கண் ஒருமிக்குமுன்பே குண்டு போய்விட்டது. மீண்டும் 500க்கு ஏற்றிய பின்னரே குண்டுகள் நெருங்கி விழுந்தன. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், அவசரத்துக்கு அங்கே இடமில்லை. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறுமாதலால், சுட்டபின் எண்ணெய்த்துணியால் துடைப்பதும் எனக்கு வழக்கமாயிற்று.

உயர்ந்த கருவியும் சில வேளை கைவிடும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் துப்பாக்கி நடுவில் பழுதுபட்டது. 575 புள்ளியுடன் அவர் இறுதிச்சுற்றை இழந்தார். அவரே 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார். அதே போட்டியில் துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராயிருந்தவர் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை.

ஆகவே அன்பர்களே, விசையைத் திருத்த விரும்புவோர் திருகாணியுள்ள கருவியைத் தேடுக. கொக்கியில் கை வைக்க வேண்டா. இன்றும் என் மனைவி கொல்லைக் கதவை உட்புறம் தாழிட்டு, "சரி" என்று குரல் கொடுத்த பின்னரே நான் குண்டை இடுகிறேன்.